சேஞ்சிங் லேன்ஸ் (2002): திரில்லர் என்று விற்கப்பட்டு மறக்கப்பட்ட ஒரு நாடகம்

கடைசிவரிசை

போன வாரம் மழை விடாமல் பெய்த இரவில் இந்தப் படத்தை நான்காவது முறையாகப் பார்த்தேன். பார்த்து முடித்ததும் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், ஆகவே இங்கே வந்திருக்கிறேன்.

இயக்கியவர் ரோஜர் மிஷெல். மூன்று ஆண்டு முன்பு 'நாட்டிங் ஹில்' எடுத்துப் பெயர் வாங்கியவர், 2021இல் காலமானார். பென் அஃப்லெக், சாமுவேல் எல். ஜாக்சன் நடித்தது. வந்த காலத்தில் படம் தோல்வியும் இல்லை. அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரம் கொடுத்தார். ஆனால் அஃப்லெக் அப்போது 'பேர்ல் ஹார்பர்' செய்து முடித்திருந்தார். அடுத்த மாதமே 'தி சம் ஆஃப் ஆல் ஃபியர்ஸ்' வந்தது. இரண்டு பெரிய வெடிச்சத்தங்களுக்கு நடுவில் இந்தச் சிறிய படம் காணாமல் போனது என்பது என் கணிப்பு.

கதை ஒரே நாளில் நடக்கிறது. புனித வெள்ளி காலை, நியூயார்க். மன்ஹாட்டனின் கிழக்கு விளிம்பில் ஓடும் எஃப்.டி.ஆர். டிரைவ் சாலை. இளம் வழக்கறிஞர் கேவின் பானெக் நீதிமன்றத்துக்கு ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு விரைகிறான். காப்பீட்டு நிறுவன ஊழியர் டாயில் கிப்சனும் நீதிமன்றத்துக்குத்தான் போகிறார், ஆனால் குடும்ப நீதிமன்றத்துக்கு. மனைவி இரண்டு மகன்களோடு ஓரிகனுக்குப் போய்விடப் போகிறாள். இங்கேயே ஒரு வீடு வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்துவிட்டேன், போகாதீர்கள் என்று நீதிபதி முன் சொல்ல வேண்டும். தடம் மாறும்போது இரண்டு கார்களும் மோதுகின்றன. யாருக்கும் காயம் இல்லை.

கேவின் தொகை எழுதாத காசோலை ஒன்றை நீட்டுகிறான். டாயில் மறுக்கிறார். காப்பீட்டு விவரங்களைப் பரிமாறிக்கொள்வோம், எல்லாவற்றையும் முறைப்படி செய்வோம் என்கிறார். அவர் வாழ்க்கையே அன்றுதான் முறைக்குள் வந்திருக்கிறது. குடியை விட்ட மனிதர் அவர். கேவினுக்கு நேரமில்லை. டாயிலின் கார் நகராது, என்னையும் ஏற்றிக்கொண்டு போ என்று கேட்கிறார். அடுத்த முறை அதிர்ஷ்டம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். கோப்பு சாலையிலேயே விழுந்துவிட்டது. அது டாயில் கையில் இருக்கிறது.

டாயில் இருபது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்கிறார். தீர்ப்பு முடிந்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மோதியதற்காக டாயில் கோபப்படவில்லை. பிறகு மழையில் கேவின் அவரைத் தேடிப் பிடித்துக் கோப்பைக் கேட்கும்போது, என் காலை நேரத்தைத் திருப்பிக் கொடு, கொடுக்க முடியுமா என்றுதான் கேட்கிறார். காசோலையால் வாங்க முடியாத ஒரே பொருளைக் கேட்கிறார்.

அதற்குப் பிறகு நடக்கும் போரில் ஒருவரை ஒருவர் சுடுவதில்லை. பெரும்பாலும் தொலைபேசியும் காகிதமும் கணினித் திரையும்தான் ஆயுதம். கேவின் ஒரு கணினி ஆசாமியைப் பிடித்து, டாயில் திவாலானவர் என்று பதிவேட்டில் ஏற்றிவிடுகிறான். வீட்டுக் கடன் போய்விடுகிறது. டாயில் கோப்பின் ஒரு பக்கத்தில் கேவின் சொன்ன அதே வாக்கியத்தை எழுதி அவனுக்கே ஃபேக்ஸ் அனுப்புகிறார். முறைப்படி செய்வோம் என்று கெஞ்சியவரையே முறைகளை வைத்து அடிக்கிறார்கள். பழிவாங்கும் கதை என்று இதை ஒதுக்குகிறவர்களிடம் எனக்கு உள்ள சண்டை இதுதான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நெறியாளர்

இழையில் கதை முழுவதும் பேசப்படுகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.

சைதைவாசி

இந்தக் கதையை நாம் தமிழிலேயே பார்த்துவிட்டோம், நண்பரே. 2009இல் வந்த 'டிஎன் 07 ஏஎல் 4777'. பசுபதி டாக்சி ஓட்டுநர், அஜ்மல் பணக்கார வாரிசு, சிம்ரன் பசுபதியின் மனைவி. விஜய் ஆண்டனியின் 'ஆத்திச்சூடி' பாட்டு இன்றும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, படம்தான் நினைவில்லை. அது நேராக இதிலிருந்து வந்ததில்லை. மிலன் லூத்ரியா 2006இல் எடுத்த 'டாக்சி நம்பர் 9211' வழியாக வந்தது. நானா படேகர், ஜான் ஆபிரகாம்.

பசுபதியின் கண்ணில் தெரிந்த வெறி ஜாக்சனிடம் தெரிந்ததைவிட எனக்கு நெருக்கமாக இருந்தது. இதை நான் எங்கும் சொல்வேன்.

கடைசிவரிசை

பசுபதியைப் பற்றி மறுப்பே இல்லை. ஆனால் அந்த இரண்டு மறுஆக்கங்களும் ஆணிவேரை மாற்றிவிட்டன. மூலத்தில் இருவரும் அவரவர் காரை ஓட்டி வருகிறார்கள். சாலையில் சமம், இறங்கிய பிறகுதான் யார் பெரியவன் என்று தெரிகிறது. டாக்சியில் ஒருவன் முன்னால், ஒருவன் பின்னால். முதல் காட்சியிலேயே மேல் கீழ் முடிவாகிவிட்டது. அப்புறம் சண்டை வர்க்கச் சண்டையாகத்தான் போகும். அது தவறில்லை, வேறு கதை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்திப் படத்தில் நானா படேகர் டாக்சி ஓட்டுவதை மனைவியிடம் மறைத்து, காப்பீட்டு முகவர் வேலை பார்ப்பதாகப் பொய் சொல்கிறார். மூலத்தில் டாயில் உண்மையிலேயே காப்பீட்டுத் துறைக்காரர். எழுதியவர்கள் தெரிந்துதான் கண் சிமிட்டினார்களா, தெரியாமல் ஒட்டிக்கொண்டதா!

நள்ளிரவுக்காட்சி

எனக்கு ஒரு சந்தேகம் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. அத்தனை பெரிய சட்ட நிறுவனம். ஒரு கோப்புக்கு ஜெராக்ஸ் எடுத்து வைக்க மாட்டார்களா? கதையே அந்த ஒரு ஓட்டையில் தொங்குகிறது.

கறுப்புக்கோட்டு

தொழில்முறையில் பதில் சொல்லிவிடுகிறேன். கோப்பில் இருப்பது ஒரு நியமன அதிகாரப் பத்திரம். சைமியன் டன் என்ற கோடீசுவரர் இறப்பதற்கு முன் கையெழுத்திட்டு, தன் அறக்கட்டளையின் நிர்வாகத்தைக் கேவினின் நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார். பேத்தி வழக்குப் போடுகிறாள். கையெழுத்திட்டவர் உயிரோடு இல்லை, மறுபடி வாங்க முடியாது. கையெழுத்தின் உண்மையே கேள்விக்குள்ளாகும் வழக்கில் நீதிபதி மூலப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்பது இயல்பு. நம் ஊரிலும் மூலம்தான் முதல்நிலைச் சான்று. தொலைந்துவிட்டது என்று நிரூபித்தால் நகலை இரண்டாம்நிலைச் சான்றாக ஏற்க 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் வழி இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் "தொலைந்துவிட்டது" என்று மன்றத்தில் சொன்னால், எப்படித் தொலைந்தது என்று எதிர்த்தரப்பு கேட்கும். விபத்துக்குள்ளாக்கி, விவரம் தராமல் ஓடும்போது தொலைத்தேன் என்று எந்த வழக்கறிஞர் சொல்வார்?

நான் ரசித்தது வேறு. டாயில் கேட்டது பெருந்தன்மையை அல்ல, சட்டத்தை. நியூயார்க் மாநில வாகனச் சட்டத்தின் 600ஆவது பிரிவின்படி, பொருட்சேதம் மட்டும் ஆன விபத்தென்றாலும் நின்று, உரிமத்தையும் காப்பீட்டு விவரத்தையும் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நம் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 134ஆவது பிரிவும் பொருட்சேதம் ஆனால் காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. எத்தனை பேர் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள். கேவின் நீட்டிய காசோலை நம் ஊர் சிக்னலில் தினமும் நடக்கும் பேரம்தான், தொகைதான் எழுதவில்லை.

நள்ளிரவுக்காட்சி

சரி, ஜெராக்ஸ் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் முடிவை ஏற்கவே முடியாது. ஒரு மனிதனைத் திவாலாக்கினான். அவர் பிள்ளைகளின் பள்ளிக்குப் போய், அவர் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று புளுகி, மகன்கள் கண்ணெதிரே கைதாக வைத்தான். மாலையில் மனம் திருந்தி, நான் வீடு வாங்கித் தருகிறேன் என்கிறான். காலையில் காசோலை, மாலையில் வீடு. திருந்தினானா, தொகையை ஏற்றினானா?

ஒப்பிட அர்ஜென்டினாவின் 'வைல்ட் டேல்ஸ்' இருக்கிறது. 2014, டாமியன் சிஃப்ரான் இயக்கம், ஆறு குறுங்கதைகள். அதில் ஒன்று நெடுஞ்சாலையில் இரண்டு ஓட்டுநர்கள் மோதிக்கொள்வது. இருவரும் காரோடு எரிந்து, கட்டிப்பிடித்தபடி கருகிக் கிடக்கிறார்கள். காதல் விவகாரமோ என்று போலீஸ் யோசிக்கிறது. கசப்பான சிரிப்பு, ஆனால் நேர்மையான முடிவு. ஹாலிவுட்டுக்குத்தான் எல்லோரும் நல்லவர்களாகி வீட்டுக்குப் போக வேண்டும்.

கடைசிவரிசை

"தொகையை ஏற்றினானா" நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசிக்க வைக்கும். ஆனால் ஒரு வித்தியாசம்: காலையில் நீட்டியது அவனுக்கு நட்டமில்லாத பணம். மாலையில் அவன் பணயம் வைப்பது மாமனாரை, வேலையை, மனைவியை. நிறுவனத்தின் மூத்த பங்குதாரர்கள் அறக்கட்டளையிலிருந்து மூன்று மில்லியன் டாலர் எடுத்திருக்கிறார்கள் என்று அதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. மூலம் கிடைக்காததால் அவர்கள் போலியாக ஒன்றைத் தயாரித்து மன்றத்தில் கொடுத்துவிட்டார்கள். இப்போது மூலம் அவன் கையில் திரும்பிவிட்டது, போலியைப் பொய்யாக்கும் ஆயுதமாக.

அந்த மூத்த பங்குதாரர்களில் ஒருவரான மாமனார் டெலானோவாக சிட்னி போலாக். 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' எடுத்து ஆஸ்கர் வாங்கிய இயக்குநர். இதையெல்லாம் செய்துவிட்டு மனசாட்சியோடு எப்படி வாழ்கிறீர்கள் என்று கேவின் கேட்க, நாள் முடிவில் நான் செய்த தீமையைவிட நன்மை அதிகம் என்று நினைக்கிறேன், வேறு எந்த அளவுகோல் என்னிடம் இருக்கிறது என்கிறார். குரல் உயரவே இல்லை. வில்லன் பேசுவது போலவே இல்லை, நம் வீட்டுப் பெரியப்பா திண்ணையில் பேசுவது போல இருக்கிறது. இரவு உணவு மேசையில் அந்த வாக்கியத்தையே கேவின் அவரிடம் திருப்பிப் படிக்கிறான். அந்த நிமிடத்தில் அவன் புனிதனாகிவிட்டானா, இன்னொரு டெலானோ ஆகிவிட்டானா? மிரட்டித்தானே நல்லது செய்கிறான்! நீங்கள் சொல்லும் இனிப்பு முடிவுக்குள் இந்தக் கசப்பு இருக்கிறது.

ஈரக்குடை

ஆண்கள் இருவரையும் அலசிவிட்டீர்கள். மனைவிகள் பக்கம் கொஞ்சம் வரலாமா?

இந்தப் படத்தில் எனக்கு உண்மையாகவே குலை நடுங்கிய காட்சி கார் விபத்து இல்லை, அமாண்டா பீட் வரும் மதிய உணவுக் காட்சி. கேவினின் மனைவி சிந்தியா. அவனுக்கும் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் மிஷெல் என்ற பெண்ணுக்கும் இருந்த உறவு எனக்கு முன்பே தெரியும் என்கிறாள். அழவில்லை, கத்தவில்லை. என் அம்மாவும் தெரிந்தே அப்பாவோடு வாழ்ந்தாள் என்கிறாள். நேர்மையான ஒருவனைக் கட்டியிருக்கலாம், இந்த உலகத்தில் பிழைக்கத் தெரிந்தவன் என்றுதான் உன்னைக் கட்டினேன். ஆகவே அப்பா சொல்கிறபடி போலிப் பத்திரத்துக்கு ஒத்துப் போ. இதெல்லாம் சூப் வருவதற்குள் பேசி முடித்துவிடுகிற தொனியில். குடும்பமே ஒரு நிறுவனம், மருமகனும் அதில் ஓர் ஊழியன்.

மறுபக்கம் வேலரி. கிம் ஸ்டான்டன் நடித்தது. அவரைப் பற்றி யாருமே எழுதுவதில்லை. நல்ல மனிதர்தான் என்று தெரிந்தும் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு நாட்டின் மறுகோடிக்குப் போகத் தீர்மானித்த பெண். அதற்கு முன் எத்தனை ஆண்டு சகித்திருப்பாள் என்று படம் சொல்லவில்லை. அந்த நடிகையின் தோளைப் பார்த்தாலே தெரிகிறது. கடைசியில் கேவின் அவளிடம் போய், உன் கணவன் பேரில் தப்பில்லை, எல்லாம் என்னால்தான் என்கிறான். அடுத்த காட்சியில் அவள் பிள்ளைகளோடு தெருவின் எதிர்ப்பக்கம் நிற்கிறாள், டாயில் பார்த்துச் சிரிக்கிறார். முன்பின் தெரியாத ஒரு வழக்கறிஞர் சொன்னதும் அவள் மனம் மாறிவிட வேண்டுமா? ஆண்டுக்கணக்கான காரணங்களை இருபது நிமிடம் துடைத்துவிடுமா? என் குறை அங்கேதான். மிஷெலாக வரும் டோனி கோலெட் போன்ற நடிகைக்கு இவ்வளவு குறைவாக வேலை கொடுத்ததும் சேர்த்து.

எட்டாமாண்டு

வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன். இன்று எழுதுகிறேன். என் பயனர் பெயர் ஏன் இது என்று இப்போது புரியும்.

டாயில் அன்று குடிக்கவே இல்லை. பாரில் போய் உட்கார்ந்து, முன்னால் கிளாசை வைத்துக்கொண்டு பார்க்கிறார், தொடவில்லை. ஆனால் அங்கே பேச்சுக் கொடுத்த இரண்டு பேரை வெளியே வைத்து அடிக்கிறார். பிறகு கேவினின் கார்ச் சக்கரத்தின் நட்டுகளைக் கழற்றுகிறார், வங்கியில் கணினியை உடைக்கிறார். ஒரு துளி உள்ளே போகாமலே இவ்வளவும்.

காவல் நிலையத்திலிருந்து அவரை மீட்கும் ஸ்பான்சராக (குடியை விட்டவருக்குத் துணை நிற்கும் வழிகாட்டி) வில்லியம் ஹர்ட். பாராட்டுவார் என்று டாயில் எதிர்பார்க்கிறார். அவரோ, உன் போதை மதுவே அல்ல, உனக்குக் குழப்பம்தான் போதை என்கிறார். நாகரிகமாக இருப்பதெல்லாம் ஓர் உடன்படிக்கையால் நிற்கிறது, யாரும் வெறிபிடித்து ஆடுவதில்லை என்ற உடன்படிக்கை. நீ அதை முறித்துவிட்டாய் என்கிற பொருளில் பேசுகிறார். எனக்கு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்களின் அமைப்பு) கூட்டத்துக்கு வழிகாட்டிய மூத்தவர் வேறு சொற்களில் இதையே சொன்னார். விட்ட முதல் ஆண்டு நான் தினமும் யாரிடமாவது சண்டை போட்டேன். ஆட்டோக்காரர், பால்காரர், மச்சான். எல்லாச் சண்டையிலும் என் பக்கம்தான் நியாயம் இருந்தது. அதுதான் ஆபத்து. நியாயம் இருக்கும்போது நிறுத்தத் தோன்றாது.

சகோதரி ஈரக்குடைக்கு: வேலரி மனம் மாறிவிட்டாள் என்று நான் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம்தான் நிற்கிறாள். நடுவில் தெரு இருக்கிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நின்றார்கள். கடக்க இரண்டு ஆண்டு ஆனது.

ஈரக்குடை

அண்ணா, இதை யோசிக்கவே இல்லை. அந்தக் காட்சியை மறுபடி பார்க்கிறேன். என் குறையை முழுதாக விட்டுவிடவில்லை, ஆனால் பாதி விட்டேன்.

நள்ளிரவுக்காட்சி

நானும் பாதி. எட்டாமாண்டு எழுதியதைப் படித்த பிறகு முழு மறுப்பு எழுதக் கை வரவில்லை. ஆனால் தேவாலயக் காட்சி? புனித வெள்ளி என்பதற்காகவே கேவினைப் பாவமன்னிப்புக் கூண்டுக்குள் தள்ளி, எனக்கு அர்த்தம் வேண்டும் என்று பாதிரியாரிடம் கேட்க வைக்கிறார்கள். திணிப்பு.

கடைசிவரிசை

திணிப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதிரியாரிடம் அவன் எதுவும் பெறவில்லையே. கத்திவிட்டு வெளியே வருகிறான். திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர் மைக்கேல் டோல்கின் ('தி பிளேயர்' எழுதியவர், மற்றவர் கதையைத் தொடங்கிய சாப் டெய்லர்). டோல்கின் 1991இல் இயக்கிய 'தி ராப்ச்சர்' முழுக்கவே கடவுளோடு ஒரு பெண் போடும் சண்டை. அந்த மனிதருக்கு இந்த விஷயத்தில் கை நிற்காது போலிருக்கிறது.

அட்டப்பாடிரசிகன்

மலையாளப் படம் 'அய்யப்பனும் கோஷியும்' இந்த வகைதானே? ஏன் யாரும் சொல்லவில்லை?

சைதைவாசி

தம்பி, அது சோதனைச் சாவடியில் ஆரம்பிக்கிறது, விபத்தில் இல்லை. அங்கே ஒருவர் காவல் அதிகாரி, கடமையைச் செய்கிறார். இங்கே இருவரும் வழிப்போக்கர்கள். ஆனால் இயக்குநர் சச்சியின் அந்தப் படத்தில் ஒன்று இதோடு சேரும்: இருவரில் ஒருவருக்கும் பின்வாங்கத் தெரியாது.

சின்னத்திரையில் 2023இல் வந்த 'பீஃப்' தொடரை வேண்டுமானால் சொல்லலாம். வாகன நிறுத்துமிடத்தில் மோதல்கூட இல்லை, ஹாரன் சத்தம்தான். பத்து பகுதிக்கு இழுத்தார்கள், இழுத்தது தெரியவில்லை.

கடைசிவரிசை

முதல் பதிவில் எழுத நினைத்து விட்டுவிட்ட ஒன்று. 2014இல் சென்னை மத்திய கைலாஷ் சந்திப்பில் என் ஸ்கூட்டரை ஒரு கார் பின்னால் இடித்தது. விழுந்தேன், முட்டியில் சிராய்ப்பு, பின்விளக்கு நொறுங்கியது. கண்ணாடியை இறக்கி, ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினார் காரில் இருந்தவர். இறங்கவில்லை. இறங்குங்கள், பேசுவோம் என்றேன். பச்சை விழுந்தது. தாளை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டேன். இரண்டு வாரம் அந்தக் காரைத் தேடி அதே நேரத்துக்கு அதே சிக்னலில் நின்றேன், சிரிக்காதீர்கள். அந்த இரண்டு வாரத்தில் எனக்குள் ஒரு டாயில் இருந்தார். நட்டு கழற்றும் கருவி என்ன விலை என்றுகூட... சரி, அது வேண்டாம்.

கறுப்புக்கோட்டு

ஆர்வத்தில் கேட்கிறேன். அந்த ஐந்நூறை என்ன செய்தீர்கள்?

கடைசிவரிசை

செலவழிக்கக் கூடாது, பார்த்தால் அவர் முகத்தில் திருப்பி எறிய வேண்டும் என்று ஆர்.சி. புத்தகத்தின் உறைக்குள்ளேயே வைத்திருந்தேன். 2016 நவம்பரில் அரசாங்கம் அதைச் செல்லாததாக்கிவிட்டது. மாற்றுவதற்குக் கொடுத்த நாட்களிலும் உறையிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. ஸ்கூட்டரை விற்கும்போது உறையோடு போய்விட்டது.